மஞ்சள் வைக்க ஒரு ஆள்

"சாமி, அந்தம்மா இந்த வருஷமும் கட்டலீங்க."

தீபாவளி அன்று காலை. ஊரெல்லாம் வெடிச்சத்தம். ஆற்றங்கரை மடத்தில் குரு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"எந்தம்மா?"

"படித்துறையில இருக்காங்களே, பவளாயி. அவங்கதான்."

முறையிட வந்த செங்கோடனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. குரு அவனைவிட இளையவர். ஆனாலும் மனசு வலித்தால் அவன் ஓடிவருவது இவரிடம்தான்.

வயசான பவளாயிக்கு யாரும் கிடையாது. படித்துறை ஓரமாக, கதவில்லாத ஒரு தகரக் கொட்டகை. குளிக்க வருகிறவர்கள் விட்டுப்போகிற பழந்துணிதான் அவளுக்கு உடுப்பு.

மடத்திலிருந்து ஏழைபாழைகளுக்குத் தீபாவளித் துணி கொடுக்கிற வேலை செங்கோடனுடையது. மற்றவர்களுக்குக் துணி மூட்டையிலிருந்து கைக்கு வந்ததை உருவிக் கொடுப்பான். பவளாயிக்கு மட்டும் கடைக்கே போவான். பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குவான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

"மாம்பழக் கலர் சேலைங்க சாமி. அரக்குக் கரை. விடியறதுக்கு முன்னாடியே அவங்க வாசல்ல வச்சேன். வெளிச்சம் வந்ததும் மேல்படியில நின்னு எட்டிப் பார்க்கிறேன், அதே கிழிசலோட பல்லு விளக்கிட்டிருக்காங்க. போன வருஷமும் இப்படித்தான்."

"வச்சுட்டு என்ன செஞ்ச?"

"வந்துட்டேன். நின்னா, கொடுத்தது யாருன்னு தெரிஞ்சுபோகுமில்லீங்களா? தெரியாமக் கொடுக்கிறதுதானே பெருசு?"

குரு ஒரு காம்பை உருவினார்.

"நன்றியெல்லாம் வேண்டாங்க. ஒரே ஒரு தடவை அதைக் கட்டிக்கிட்டு என் எதிர்ல வந்தாப் போதும். அதுகூடவா ஆகாது?"

குரு இப்போதுதான் தலையைத் தூக்கி அவன் வேட்டியைப் பார்த்தார். குருமார்களுக்கு ஒரு வியாதி. கேட்டதற்குச் சொல்லமாட்டார்கள்.

"நீ ஏன் பழசோட நிக்கிற?"

"நானுங்களா?"

"உனக்கும் வேட்டி கொடுத்தாங்களே."

"பெட்டியில இருக்குங்க."

"போன வருஷத்தது?"

"அதுவும்… பெட்டியிலதான்."

"ஏன்?"

 

சின்ன வயசில் செங்கோடனின் அம்மா புதுச்சட்டை ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்து, "போட்டுட்டு வந்து காமி" என்பாள். அவள் செத்த பிறகும் துணி வந்துகொண்டுதான் இருந்தது. சித்தப்பா வீட்டில் கொடுத்தார்கள். மடத்தில் கொடுத்தார்கள். காமி என்று மட்டும் ஒருத்தரும் சொன்னதில்லை.

"தோணலீங்க" என்றான்.

குரு எழுந்து அடுக்களைக்குப் போனார். வாழையிலைத் துண்டில் குழைத்த மஞ்சளோடு திரும்பி வந்தார்.

செங்கோடன் உள்ளே ஓடினான். பெட்டியிலிருந்து வேட்டியை எடுத்துவந்து, இரண்டு கையிலும் ஏந்தி, அவர் முன்னால் குனிந்து நின்றான். நின்றான், நின்றான், கழுத்தே வலித்துவிட்டது.

குரு இலையை வேட்டிமேல் வைத்தார். மறுபடியும் கீரையிடம் போய் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க வைக்கலீங்களா?"

"நான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவன். வைக்கிற ஆளாப் பார்த்துப் போ. மஞ்சள் காயறதுக்குள்ள."

செங்கோடனின் கால் படித்துறைக்குத்தான் போனது. பவளாயி கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாம்பழக் கலர் சேலை, மடிப்புக் கலையாமல்.

அவன் படியிறங்கி வருவதையும் அந்தச் சேலையைப் பார்த்த பார்வையையும் கவனித்துவிட்டாள்.

"ஓ, நீதானா அது? வருஷா வருஷம் திருடனாட்டம் வச்சுட்டு ஓடுறது?"

"ஆமாங்க."

"நாய்க்குச் சோறு வைக்கிறவன்கூட, அது திங்கிற வரைக்கும் நின்னு பார்ப்பான்டா."

சுருக்கென்றது. மேல்படியில் நின்று பார்த்ததைச் சொல்லலாமா என்று நினைத்தான். சொல்லவில்லை.

"ஏங்க கட்டல?"

"கட்டி யாருக்குக் காட்ட? ஆத்துக்கா?"

 செங்கோடன் வேட்டியை நீட்டினான். மேலே இலை.

"இதுக்குக் கொஞ்சம் மஞ்சள் வச்சுக் கொடுங்கம்மா."

அவள் இலையைப் பார்த்தாள். வேட்டியைப் பார்த்தாள். அவன் முகத்தைக் கடைசியாகத்தான் பார்த்தாள்.

"உனக்கு வேற ஆள் கிடைக்கலியா?"

"இல்லீங்க."

"ஊருக்கே துணி கொடுக்கிறவனுக்கா?"

"ஆமாங்க."

அக்கரையில் ஒரு சரவெடி ஓடி ஓய்ந்தது.

பவளாயி விரலை மஞ்சள் பக்கம் கொண்டுபோனாள். பாதியில் நிறுத்தினாள். குனிந்து தன் கிழிசலைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டாள்.

 செங்கோடனுக்கு நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"நல்ல நாளும் அதுவுமா, கந்தலோட உக்காந்துக்கிட்டா மஞ்சள் வைப்பாங்க?"

மாம்பழக் கலர் சேலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"கதவு கிடையாது. அந்தப் பக்கமாத் திரும்பி நில்லு கண்ணு. வந்துர்றேன்."

அவன் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

முதுகுக்குப் பின்னால், மொடமொடவென்று புதுத்துணி மடிப்புப் பிரிகிற சத்தம் கேட்டது.