பூரணியின் வரிகள்

மங்கைக்கு நாற்பத்தொரு வயது. அவரிடம் நாடகம் எழுதக் கற்றுக்கொண்டிருந்த சேவியருக்கு ஐம்பத்தெட்டு. தபால் இலாகாவில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பேனாவைத் தூக்கியவர். வயதைப் பார்க்காமல் அவர் 'டீச்சர்' என்று கூப்பிடுவார். மங்கையும் தடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

இருவரும் சேர்ந்து வானொலிக்கு ஒரு விண்வெளித் தொடர் எழுதினார்கள். சூரியனை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கும் ஒரு கப்பல். அதில் மூன்றே பேர். கேப்டன் பூரணி, எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் தாசன், கப்பலிலேயே பிறந்து தாயை இழந்த சிட்டு என்ற எட்டு வயதுப் பெண்.

பூரணியின் வசனங்களை ஆரம்பத்திலிருந்தே சேவியர்தான் எழுதினார். வேறு யாரையும் தொட விடமாட்டார். "முதல்ல சாப்பிடு, அப்புறம் பயப்படலாம்" என்று பூரணி சொன்னால் நேயர்கள் கடிதம் போட்டுப் பாராட்டுவார்கள். அது அவர் மனைவி ஸ்டெல்லாவின் பேச்சு. ஸ்டெல்லா இறந்து மூன்று வருடம் ஆகிறது. வியாழக்கிழமை சாயங்காலம் ரேடியோவைப் போட்டால், அரை மணி நேரம் வீட்டில் அவள் பேசுவது போல இருக்கும். மங்கைக்கு இது தெரியும். ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

தொடர் தொய்ந்துவிட்டது, பூரணியைக் கொன்றுவிடுங்கள் என்று நிலையத்திலிருந்து உத்தரவு வந்தது. நேயர்கள் தூங்குகிறார்களாம், ஒரு சாவு விழுந்தால் எழுந்து உட்காருவார்களாம். சொல்வது அவர்களுக்குச் சுலபம்.

சேவியர் சொன்னபடி செய்தார். நூற்றுப் பன்னிரண்டாம் வாரம், கப்பலின் வெளிக்கதவைச் சரிசெய்யப் போன பூரணி திரும்பி வரவில்லை. நூற்றுப் பதின்மூன்றையும் புதிதாக எழுதினார். தாசனும் சிட்டுவும் மாறி மாறிப் பூரணியின் பெருமையைப் பேசினார்கள். இரங்கல் கூட்டத்தில் மைக் கிடைத்தவர்கள் மாதிரி இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஒத்திகை அறைக்கு வந்தார்.

"டீச்சர், பூரணி போயிட்டா தொடர் என்ன ஆகும்?"

மங்கை எழுந்தார். பீரோவைத் திறந்தார். நாலு வாரக் கதையை முன்கூட்டியே எழுதி வைப்பது அவர்கள் வழக்கம். ஆகையால் பூரணி உயிரோடு இருந்தபோது எழுதிய பழைய நூற்றுப் பதின்மூன்று அங்கே இருந்தது. அதை எடுத்து அவர் முன்னால் வைத்து, சிவப்புப் பேனாவைக் கொடுத்தார்.

"இதுல பூரணி பேசற வரியை மட்டும் அடிங்க."

"மத்தவங்க வரி?"

"தொடாதீங்க."

முப்பத்தோரு வரிகள். அடித்து முடிக்க வெகுநேரம் பிடித்தது.

"இப்ப வாசிப்போம் சார். சிட்டு, தாசன் ரெண்டும் நான். பூரணி நீங்க."

"அதான் அடிச்சாச்சே."

"அந்த வரிக்கு எத்தனை நொடியோ, அத்தனை நொடி சும்மா இருங்க."

ஒவ்வொரு வரிக்கும் எத்தனை நொடி என்று ஓரத்தில் குறித்து வைப்பார்கள். மங்கை வாசித்தார்.

"அக்கா, காத்து இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கு?"

ஆறு நொடி.

"கேப்டன், அந்த வால்வை மூடிடவா?"

மூன்று நொடி.

"எனக்குப் பயமா இருக்குக்கா."

சேவியரின் உதடு தானாக அசைந்தது. மங்கை கையைக் காட்டித் தடுத்தார். ஐந்து நொடி.

"சரிக்கா. சாப்பிடுறேன்."

சேவியர் தாள்களைக் கவிழ்த்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்னால முடியல டீச்சர்" என்றார். "எட்டே வாரம். அப்புறம் கொண்டு வந்துடலாம். அவ ஞாபகம் மொத்தமும் கப்பல் கம்ப்யூட்டர்ல பதிவாகி இருக்குன்னு முன்னாடியே ஒரு வரி எழுதி வெச்சிருக்கேன். புது உடம்பு செஞ்சு ஏத்திடலாம். விஞ்ஞானக் கதைதானே, நேயர்கள் ஒத்துக்குவாங்க."

"ஒத்துக்குவாங்க."

"நீங்க?"

"நானும்தான். எனக்கும் பூரணியைப் பிடிக்கும்."

சேவியருக்கு உயிர் வந்தது. பையிலிருந்து இன்னொரு தாள் கட்டை எடுத்தார். நூற்று இருபத்தொன்று. அதையும் எழுதியே வைத்திருந்தார். பூரணி கண்ணைத் திறக்கிறாள். "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறாள். சிட்டு ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள்.

மங்கை கடைசிவரை படித்தார்.

"இதுவரைக்கும் நீங்க எழுதினதுல இதுதான் நல்லா இருக்கு. சிட்டுவோட ஒரு வரி மட்டும் விட்டுப்போச்சு."

"எந்த வரி?"

மங்கை அதைத் தாளின் ஓரத்தில் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்.

"எட்டு வாரமாக் கூப்பிட்டேனே. வர முடியும்னா ஏன்க்கா வரல?"

பேனாவை அவரிடம் நீட்டினார்.

"பூரணி பதிலை நீங்க எழுதுங்க. அப்படியே ஒலிபரப்பிடலாம்."

சேவியர் 'பூரணி' என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தார். பேனா அங்கேயே நின்றது. தாளில் மை ஊறிப் பெரிதானது.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். அவ என்ன சொல்லுவா?"

"எனக்கு எப்படி சார் தெரியும்?" என்றார் மங்கை. "ஸ்டெல்லாக்காவை நான் பார்த்ததே இல்லையே."