பறக்கட்டும் என்று விட்ட சாய்ப்பு

“எவனோ என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டான், மேஸ்திரி!”

சிங்காரு மேஸ்திரி கையில் காய்ந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கத்தியவன் காத்தமுத்து. வயதில் அவருக்குச் சமம், தொழிலில் சீடன். கடற்கரையில் வடக்குத் தெரு அவன் கட்டியது. தெற்குத் தெரு இன்னொரு சீடன் கலியன் கட்டியது. முந்தின நாள் புயலில் வடக்குத் தெரு மொட்டையாகிவிட்டது. கலியன் போட்ட கூரைகளில் ஒரு தகரம்கூட அசையவில்லை.

கூரை போனதுகூடப் பரவாயில்லை. ஊரே கலியன், கலியன் என்றதுதான் காத்தமுத்துவின் வயிற்றைப் பற்றவைத்தது.

“அவனுக்கு மட்டும் என்ன சொல்லிக்கொடுத்தீங்க?”

“உனக்குச் சொன்னதைத்தான்.”

“சும்மா சொல்லாதீங்க. அவன் தெருவுல வாசல் நிழலுக்குப் போட்ட தகரச் சாய்ப்பு ஒண்ணுகூட மிஞ்சல. எல்லாம் சவுக்குத் தோப்புல கிடக்கு. அவன் கெட்டிக்காரனாம்!”

“நீ போட்ட சாய்ப்பு?”

“தனியாவா நிறுத்துவேன், அவனை மாதிரி? போன புயல்லயே அவன் சாய்ப்பு பறந்துச்சு. நான் வயிறு வலிக்கச் சிரிச்சேன். அப்புறம்தான் நான் கட்டினேன். வீட்டுக் கூரையோட ஒரே குழாயா இழுத்து வெல்டு வச்சேன். அவன் பார்த்துப் பார்த்துச் சாகணும்னு!”

மேஸ்திரி எழுந்து வந்தார். காத்தமுத்துவின் தோளில் கிடந்த துண்டை வெடுக்கென்று இழுத்தார். துண்டு அவர் கையோடு வந்தது. ஆள் நின்ற இடத்திலேயே நின்றான்.

அதே துண்டை அவன் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டார். மறுபடி இழுத்தார். காத்தமுத்து தடுமாறி மணலில் மண்டியிட்டான்.

“துண்டு பத்திரமா இருக்கா?”

காத்தமுத்து இருமினான். முடிச்சைத் தளர்த்தினான்.

“இதைக் கலியன்கிட்ட சொல்லிடாதீங்க.”

“அவனுக்கு ஏதுய்யா நேரம்? உன் தெருவுல தார்ப்பாய் கட்டிக்கிட்டு இருக்கான்.”

“என் தெருவுக்கு அவன் யாரு?”

“கைப்பிள்ளைக்காரிங்க நனையுறாங்க. மேகம் திரும்பவும் கட்டுது. உன் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டானே, அந்த வெல்டு வச்சவனைக் கூட்டிட்டு வா. கூரையைச் சுவரோட இறுக்கிக் கட்டட்டும், சாய்ப்பைத் தனியா விடட்டும், காத்து இழுத்தா அது மட்டும் போகட்டும். இந்தத் தடவையாவது அந்த சனங்களுக்காகக் கட்டச் சொல்லு.”