பன்னிரண்டு மணி நேரம்

கரும்பு ஆலையில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். நம்ப மாட்டீர்கள். நான் அங்கே இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தவன். என் கண்ணால் பார்த்தேன்.

சீடருக்கு ஐம்பத்தாறு வயது. பெயர் வைத்தியலிங்கம். எந்த ஊர்க் கரும்பை என்றைக்கு வெட்டுவது, ஆலையை எப்போது நிறுத்தி ரிப்பேர் பார்ப்பது, எல்லாம் அவர் எழுதும் தாளில்தான். குருவுக்கு முப்பத்தெட்டு. பெயர் குணவதி. கரும்பு வண்டிகள் நிற்கும் யார்டில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவர்.

போன பருவத்தில் அரவை இயந்திரத்தின் பேரிங் மாற்ற வைத்தியலிங்கத்திடம் எட்டு மணி நேரம் கேட்டேன். நாலு கொடுத்தார். அதில் பழையதைத் துடைத்து எண்ணெய் போடத்தான் நேரம் இருந்தது, மாற்ற இல்லை. பத்தாம் நாள் அது உடைந்தது. மூன்று நாள் அரவை நின்றது. வெட்டிய கரும்பு வண்டியிலேயே காய்ந்தது. விவசாயிகள் அதை வாசலில் கொட்டி, வைத்தியலிங்கத்தின் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். இன்னொரு முறை இப்படி ஆனால் அந்த நாற்காலியில் வேறு ஆள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த நாலு மணி நேரத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

இந்தப் பருவத்தில் இன்னொரு பேரிங் சூடேற ஆரம்பித்தது. வைத்தியலிங்கத்துக்குப் பயம் வந்துவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு குணவதியிடம் போனார். குணவதியின் யார்டில் மட்டும் சண்டை வராது, சொன்ன நேரத்துக்கு வண்டி வரும். குணவதி அவரையும் வரிசையில் நிற்கச் சொன்னார். முன்னால் நின்ற டிராக்டர்க்காரர், சாருக்கு எத்தனை டன் என்று விசாரித்தார்.

ஜன்னலுக்கு வந்ததும் வைத்தியலிங்கம் கேட்டார்.

"என் திட்டம் ஒருநாள்கூட சரியா நடக்கிறதில்லையே, ஏம்மா?"

குணவதி தாளை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். அவர் பெருமையோடு விளக்கினார். பிட்டர் எப்போதும் கூட்டிச் சொல்வான், அதனால் பாதியாக்கிவிடுவேன். கரும்பு வெட்டு மேஸ்திரி டன் கணக்கைக் குறைத்துச் சொல்வார், அதனால் இரண்டு பங்காக்கிவிடுவேன் என்றார்.

"இதுல அவங்க சொன்னது எது சார்?"

"அப்படியே எதுவும் இல்லம்மா."

குணவதி தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்கு டோக்கன் கிழித்தார்.

வைத்தியலிங்கம் விடவில்லை. மறுநாளும் வரிசையில் நின்றார். மூன்றாம் நாள் குணவதி, ஒரே ஒரு தடவை ஒருவர் கேட்பதை அப்படியே எழுதுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள் என்றார்.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. பேரிங் மாற்ற ஐந்து மணி நேரம் போதும். ஆறு கிடைக்க வேண்டுமென்றால் பன்னிரண்டு கேட்க வேண்டும். கணக்குப் போட்டுக்கொண்டு, சண்டைக்கும் தயாராகப் போனேன்.

"பன்னிரண்டு மணி நேரம் வேணும் சார்."

வைத்தியலிங்கம் பேனாவை எடுத்தார். பன்னிரண்டு என்று எழுதினார்.

"வேற ஏதாவது?"

"இல்ல சார்."

பதினோரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வீணாகப் போயின. என்னோடு வேலை பார்த்த சகாயராஜ் விஷயம் கேட்டு அரண்டு போனான். அவ்வளவு நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது அண்ணே என்றான். மேனேஜரோ, அன்றைய அரவை குறைந்தால் நாற்காலி போய்விடும் என்று வைத்தியலிங்கத்திடம் சொன்னாராம். ஆனாலும் இவர் எழுதியதை மாற்றவில்லை. சாயங்காலம் வரை யாரும் வெட்ட வேண்டாம் என்று ஊர் ஊராகச் சொல்லி அனுப்பினார்.

காலை ஆறு மணிக்கு ஆலை நின்றது. பதினொன்றுக்குப் புது பேரிங் உட்கார்ந்துவிட்டது. கையில் ஏழு மணி நேரம் இருந்தது. அந்த மனிதரைப் பழிவாங்க அதைவிட நல்ல நேரம் எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. சாக்கை விரித்துப் படுத்தேன்.

தூக்கம் வரவில்லை. அவர் என் வார்த்தையை நம்பிவிட்டார். அது முதுகில் கல் மாதிரி உறுத்தியது. எழுந்து அவர் அறைக்குப் போனேன்.

"முடிஞ்சிடுச்சு சார்."

கடிகாரத்தைப் பார்த்தார். "மீதி ஏழு மணி நேரம்?"

"அது பொய் சார். நீங்க பாதியாக்குவீங்கன்னு சொன்னது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவருக்கு அத்தனை பல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் கூட்டுவேன் என்று அவர் வெட்டியதும், அவர் வெட்டுவார் என்று நான் கூட்டியதும் நினைவுக்கு வர வர, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் குணவதி, கரும்பை உடனே வெட்டச் சொல்லிப் பக்கத்து ஊர்களுக்குப் போன் போட்டார். ஆலை தயாராக நின்று கரும்புக்காகக் காத்திருந்தது அன்றுதான் முதல் தடவை. நாங்கள் மூன்று பேரும் மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்ப்பதுபோல வாசலில் நின்று சாலையைப் பார்த்தோம். மூன்று மணிக்கு முதல் வண்டி வந்தது. இலைகூட வாடாத கரும்பு. ஆலை ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டதும் சகாயராஜ் விசில் அடித்தான். இரவு முழுக்க நிற்காமல் ஓடினால் அன்றைய அரவை குறையாது என்று மேனேஜரே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

இருட்டும் முன் வைத்தியலிங்கம் என் தோளில் கை போட்டு டோக்கன் ஜன்னலுக்குக் கூட்டிப் போனார். வரிசையில்தான் நின்றோம். தாளையும் பேனாவையும் நீட்டி அவர் கேட்டார்.

"இனிமே இவர் பன்னிரண்டுன்னா நான் ஐந்துன்னு எழுதிக்கலாமாம்மா?"

குணவதி டோக்கன் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"பக்கத்துலதானே நிக்கிறார் சார். அவரையே கேளுங்க."