சங்குப் பூச்சு வராமல் போனது

அந்தக் காலத்தில் பற்களும் பேசின, சங்குகளும் பேசின. பல்கூச்சம் என்பதை மட்டும் யாரும் அறிந்ததில்லை. ஆண்டுக்கொருமுறை கடலடியிலிருந்து வெள்ளைப் பூச்சு வரும். விரலால் தொட்டுத் தடவினால் பல்லில் தேய்ந்த இடமெல்லாம் மூடிக்கொள்ளும். சங்குகள் அதை ஆறானிடம் மட்டுமே கொடுத்தன. ஒரு சங்கைக்கூட உடைக்காமல் மூழ்கி எழுபவன் அவன் ஒருவன்தான்.

ஆறானின் இடுப்புக் கயிற்றைப் பிடிப்பவன் செம்பன், ஆறான் மனைவி நள்ளியின் அண்ணன். தங்கை விதவையாவதை எந்த அண்ணனும் பொறுக்கமாட்டான் என்பதால் மூழ்குபவனின் கயிறு மச்சானிடம்தான் இருக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். அடிநீரோட்டம் வலுத்த அந்தக் கடலில் கயிறு விட்டுப்போனால் மேலே வர வழியில்லை. துடுப்புக்கு இரண்டு கையும் வேண்டும். கயிற்றை வள்ளத்தில் கட்டிவிட்டால் கீழிருந்து இழுப்பது தெரியாது. அதனால் செம்பன் கயிற்று நுனியைப் பல்லில் கடித்துக்கொள்வான். இழுப்பு தாடையில் தெரியும்.

செம்பனின் பற்களில் வெற்றிலைக் கறை.

"மச்சான், கடலைப் பார்த்துச் சிரிக்காதே. மீனெல்லாம் ஓடுது" என்றான் ஆறான்.

"அது உன் மூஞ்சியைப் பார்த்து ஓடுது."

கரையே சிரித்தது. மறுநாள் காலை செம்பன் தேங்காய்நாரில் மணலைத் தொட்டுப் பல் தேய்த்தான். ஒவ்வொரு நாளும் தேய்த்தான். பற்கள் வெளுத்தன.

ஏழாம் நாள் கடைவாய்ப் பல் பேசியது.

"போதும். ஈறோரம் திறந்துவிட்டது. காற்று உள்ளே வருகிறது."

"கறை போகிற வலி" என்று சொல்லிவிட்டு இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

பூச்சு எடுக்கும் நாள் வந்தது. வாடைக்காற்று. ஆறான் மூழ்கினான். வெகுநேரம் கழித்துக் கயிறு ஒருமுறை இழுபட்டது. பூச்சு கிடைத்துவிட்டது, தூக்கு என்று பொருள். ஆழத்துக் குளிர்நீர் நுனிவரை ஊறி ஏறியிருந்த கயிறு செம்பனின் பற்களுக்கிடையே வழுக்கி ஈறோரம் பட்டது.

உச்சந்தலைவரை ஊசி ஏறியதுபோல் இருந்தது. கண்கள் தாமாக மூடிக்கொண்டன. வாய் திறந்தது.

கண் திறந்தபோது கயிறு இல்லை. துடுப்பைப் போட்டுவிட்டுக் குதித்தான். நீரோட்டம் அவனை மட்டும் திருப்பி அனுப்பியது.

நள்ளி கரையில் நின்றிருந்தாள்.

"அண்ணா, கயிறு உன் வாயில்தானே இருந்தது?"

சொல்ல வாயெடுத்தான். வாடை உள்ளே புகுந்து பல்லை வெட்டியது. அவள் காத்திருந்தாள். அவன் மூன்று முறை முயன்றான். பிறகு அவள் திரும்பி நடந்தாள். அதற்குப் பின் அவனை அண்ணா என்று அழைக்கவில்லை.

மாலையில் அலையோரம் ஒரு சங்கு ஒதுங்கியது. செம்பன் மண்டியிட்டான்.

"இந்த வலியையாவது எடுத்துக்கொள்."

"வலி நாங்கள் கொடுத்ததல்ல" என்றது சங்கு. "அது உங்கள் பல்லுக்குள் எப்போதும் இருந்தது. நாங்கள் மூடி வைத்திருந்தோம். வாங்க வருபவன் இனி இல்லை."

சங்குகள் அதன்பின் யாரிடமும் பேசவில்லை. பற்களும் பேச்சை விட்டுவிட்டன. அவற்றுக்கு மிஞ்சியது கூச்சம் மட்டும்தான். பல்லின் மேற்பூச்சு ஒருமுறை தேய்ந்தால் மறுபடி வளராமல் போனதும், குளிர்ந்த நீர் பட்டவுடன் மனிதன் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு யாருக்கும் பதில் சொல்ல முடியாமல் இருப்பதும் அன்று முதல்தான்.