அம்மா கும்பிட்ட கோடு

சிறுமலை அடிவாரத்தில் ஓர் ஆசிரமம். பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பள்ளிப் பாடங்களை வாய்விட்டுப் படித்து, பதிவு செய்து அனுப்புவதுதான் அங்கே தவம். வேறு தவம் தேடிப் போகிறவர்கள் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

குரு பர்வதவர்த்தினி அம்மாவுக்கு நாற்பது வயதுதான். சீடர் வைரவநாதன் தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். எதை விட்டாலும் ஒன்றை மட்டும் விடவில்லை. அவர் குரலைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷருக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

'உங்கள் குரலுக்கு விருது' என்று ஒரு மெயில் வந்தது. திறந்தார். பதிவறைக் கம்ப்யூட்டரில் அவர் மாதக்கணக்கில் படித்து வைத்திருந்த பன்னிரண்டாம் வகுப்பு வரலாறு முழுவதும் பூட்டிக்கொண்டது. திறக்கப் பணம் கேட்டது. வேறு எங்கும் நகல் இல்லை. பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் அந்தப் பதிவுக்குத்தான் காத்திருந்தார்கள்.

அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். அதற்கு முன்னால் ஆபீஸ் கம்ப்யூட்டரையாவது காப்பாற்ற வேண்டுமே என்று அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, இந்தக் கம்ப்யூட்டருக்குப் புது ஆன்டிவைரஸ் போடலாமான்னு யோசிக்கிறேன்."

"பழசே போதும்னு சொன்னது நீங்கதானே ஐயா? பச்சை டிக் காட்டுது, அப்புறம் என்னன்னு."

"சொன்னேன்தான். புதுசுக்குப் போறது பிரயோஜனமா, தண்டமான்னு உங்களைக் கேட்டுக்கலாம்னு வந்தேன்."

"போடுங்க, பார்ப்போம்."

கொஞ்ச நாள் காசு கொடுக்காமல் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. போட்டார். திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நீள ஆரம்பித்தது.

"என்ன இறங்குது?"

"புதுப் புது வைரஸோட அடையாளம் அம்மா. எது எப்படி வரும், வந்தா என்ன பண்ணும்னு. பழசுக்கு இதெல்லாம் தெரியாது."

"இதுக்கு யார் சொன்னா?"

"கம்பெனில இன்ஜினியருங்க இருப்பாங்க."

"அவங்களுக்கு?"

வைரவநாதன் கோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாதி அவங்களே கண்டுபிடிப்பாங்க. மீதி... வைரஸ்ல மாட்டிக்கிட்டவங்க யாராவது அனுப்பி வைப்பாங்க."

"யார் அவங்க?"

"தெரியாதும்மா. பேரு ஊரு எதுவும் வராது."

அம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். அந்தக் கோட்டைப் பார்த்துக் கை கூப்பினார். கோடு முழுதாக ஓடி முடியும்வரை அப்படியே நின்றார்.

வைரவநாதன் அந்த முகம் தெரியாதவர்களை நினைத்துப் பார்த்தார். எந்த ஊரோ. ஒரு கிளினிக்காக இருக்கலாம். கல்யாண ஃபோட்டோ அத்தனையும் பறிகொடுத்த ஸ்டூடியோக்காரராக இருக்கலாம். தலையில் கை வைத்து உட்கார்ந்தவர், பிறகு எழுந்து, எனக்கு இது இப்படித்தான் வந்தது என்று எழுதி அனுப்பியிருக்கிறார். சிறுமலை அடியில் வைரவநாதன் என்று ஒருவன் இருப்பது அவருக்குத் தெரியாது. இருந்தும் அனுப்பியிருக்கிறார். இப்படி எத்தனை பேர் என்று நினைக்க நினைக்க அவருக்கு மலைப்பாக இருந்தது. அவரும் எழுந்து நின்றார்.

"அம்மா, வரலாறு போயிடுச்சு."

எல்லாவற்றையும் சொன்னார். விருது என்று பார்த்ததும் புத்தி கெட்டுப் போனதையும் சொன்னார்.

அம்மா திட்டவில்லை. முகம் மட்டும் வாடிப் போயிற்று. அந்தப் பிள்ளைகளை நினைத்திருப்பார்.

"அந்த மெயில் இருக்கா?"

"அழிச்சிடலாம்னு இருந்தேன்."

"இருக்கா ஐயா?"

"இருக்கு."

வைரவநாதன் அதை ஆன்டிவைரஸ் கம்பெனிக்கு அனுப்பினார். உங்களிடம் எப்படி வந்தது என்று கேட்டிருந்த இடத்தில், என் குரலுக்கு விருது என்று நம்பித் திறந்தேன் என்று எழுதினார். எழுதும்போது காதெல்லாம் சுட்டது.

மறுநாள் பதில் வந்தது. இது இதுவரை அவர்கள் பார்க்காத வகை. அன்றைக்கே அதன் அடையாளத்தையும் எல்லோருக்கும் போகும்படி சேர்த்துவிட்டார்கள். பூட்டைத் திறக்க மட்டும் வழி தெரியவில்லை, மன்னிக்கவும் என்று முடித்திருந்தார்கள்.

வைரவநாதன் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். அவ்வளவு நல்ல குரல், கடைசி வரியில் உடைந்தது.

"அப்போ நமக்கு என்னம்மா பிரயோஜனம்? புதுசை வாங்கினாலும் போனது ஒண்ணுகூடத் திரும்பி வராதே."

அம்மா வரலாற்றுப் புத்தகத்தை எடுத்தார். முதல் பாடத்தை விரித்து அவர் முன்னால் வைத்தார்.

"வாங்குங்க ஐயா. நேத்து அந்தக் கோட்டுல வந்தாங்களே, அவங்க யாருக்கும் போனது திரும்பி வரலை."