நடு மைதானத்தில் பூவரசு

"அம்மா, மைதானத்து நடுவுல யாரோ குழி குழியா வெட்டியிருக்காங்க."

"நான்தான் வெட்டச் சொன்னேன் மாஸ்டர்."



மலையடிவாரத்து ஆசிரமப் பள்ளியில் குணசீலன் விளையாட்டு ஆசிரியர். கருணாம்பாள் அம்மா அந்த ஆசிரமத்தின் தலைவி, அவரைவிட வயதில் சின்னவர். இருந்தும் குணசீலன் அவரையே குருவாக வரித்திருந்தார். தினமும் விடியலில் அம்மா முன்னால் கண்மூடி உட்கார்ந்து எழுந்த பிறகுதான் விசிலைக் கழுத்தில் மாட்டுவார்.

அந்த மைதானம் அவர் கையால் உருவானது. கல் பொறுக்கி, முள் வெட்டி, மேடு பள்ளம் இல்லாமல் சமன் செய்து வைத்திருந்தார். புல் பூண்டு கிடையாது. வெயில் ஏறினால் தோசைக்கல் மாதிரி காயும். அதில் ஓடிப் பழகிய பையன்கள்தான் மாவட்டக் கால்பந்தில் கோப்பை வாங்கி வந்தார்கள்.

"எதுக்கும்மா குழி?"

"பூவரசு நட."

"மரம்னா ஓரமா நடலாமே?"

"ஓரத்துல ஏது இடம்? அங்கதான் பிள்ளைங்க உட்கார்ந்திருக்காங்களே."

அம்மா கண்களை மூடிக்கொண்டார்.

குணசீலன் மைதானத்துக்குப் போய்ப் பார்த்தார். பள்ளி இன்னும் தொடங்கவில்லை. சுவரோரம் வெறிச்சென்று கிடந்தது.

"காலியாத்தானே இருக்கு" என்று முணுமுணுத்தார்.

விளையாட்டு வகுப்பு வந்தது. கால்பந்துப் பையன்கள் பந்தைத் துரத்தினார்கள். மற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் சுவர் நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நிழல் சுருங்கச் சுருங்கக் காலை மடக்கிக்கொண்டார்கள்.

அவர் தினமும் பார்க்கிற காட்சிதான்.

வரிசையின் கடைசியில் ஆதிரை இருந்தாள். அவருடைய மகள்.

குறைமாதத்தில் பிறந்தவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்குவதையே பார்த்தபடி நின்றவர் குணசீலன். இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. "தாராளமா ஓடட்டும் சார்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருநாள் ஓடவும் செய்தாள். வெயிலில் சுருண்டு விழுந்தாள்.

அன்றிலிருந்து, "நீ உட்காரும்மா" என்று நிழல் பார்த்து அவளை உட்கார வைப்பவர் அவர்தான்.

அதை அவர் ஒரு தப்பாக நினைத்ததில்லை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மண்வெட்டியை எடுத்துவந்து குழிகளை மூடினார்.

மறுநாள் காலையில் வந்தபோது, அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே வெட்டிக்கொண்டிருந்தார். குணசீலனை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி வெட்டினார். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது.

குணசீலன் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். மிச்சத்தை அவரே வெட்டினார். ஆனால் மனசு ஆறவில்லை.

"இனிமே கோப்பை கிடையாதும்மா. எனக்கும் இங்க வேலை இல்ல. நான் கிளம்பறேன்."

"கிளம்புங்க மாஸ்டர். புது வாத்தியார் வர்ற வரைக்கும் தண்ணி மட்டும் ஊத்துங்க."

புது வாத்தியார் வரவில்லை. அம்மா யாரையும் தேடவும் இல்லை.

பூவரசில் ஆள் உயரக் கிளையை வெட்டி நட்டாலே போதும், தழைத்துவிடும். இங்கும் அங்குமாக அப்படி நட்டார்கள். குணசீலன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினார். குழி வெட்டிய மண் ஒரு பக்கம் மேடாகக் குவிந்து கிடந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் அதில் ஏறிச் சறுக்கத் தொடங்கினார்கள். விரட்டப் போனவர், ஏனோ விரட்டாமல் திரும்பி வந்தார்.

மீதி இருந்த பாதி மைதானத்தில்தான் கால்பந்து. அந்த வருஷம் அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றது.

"தோத்துட்டோம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது.

அம்மா எழுந்து போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

ஒரு மழைக்காலம் போய் இன்னொன்றும் போனது. கிளைகள் மரங்களாயின. நிழல் விழுந்த இடத்திலெல்லாம் அறுகு படர்ந்தது. வெறுங்காலோடு நிற்க முடிந்தது. பிள்ளைகள் பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினார்கள். மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் பிடிக்கக் கூடாது, கையை எடுத்தால் பிடிக்கலாம் என்று அவர்களாகவே ஒரு ஆட்டம் கண்டுபிடித்தார்கள். கால்பந்துப் பையன்கள்கூடப் பந்தைப் போட்டுவிட்டு அதில் சேர்ந்தார்கள்.

ஒருநாள் அம்மா மைதானத்துக்கு வந்தார். இருவரும் ஒரு மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் பிய்த்துக்கொண்டு ஓடிவந்தாள். பின்னல் அவிழ்ந்து, முழங்கால் சிராய்த்து, முகமெல்லாம் வேர்வை. அருகில் வந்தபிறகுதான் அது ஆதிரை என்று குணசீலனுக்குத் தெரிந்தது.

"உட்காரும்மா" என்று சொல்ல வாயெடுத்தார்.

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, தொட்டுப் பாருங்க, எப்படி அடிக்குதுன்னு!"

உள்ளங்கையில் மோதி மோதி அடித்தது. திடமாக, சந்தோஷமாக அடித்தது.

"வலிக்குதாம்மா? மயக்கம் கியக்கம்?"

"இல்லப்பா. விடுங்க, பிடிச்சிருவாங்க!"

கையை உதறிவிட்டு ஓடிப்போனாள்.

நீட்டிய கையை மடக்கக்கூடத் தோன்றாமல் குணசீலன் நின்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"இவளுக்காகத்தான்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா."

"சொல்லியிருந்தா, நீங்க அவள ஓட வெச்சிருப்பீங்க மாஸ்டர். இப்ப அவளாவே ஓடறா."