பின் என்று சொல்லாத நாடு

முன்னொரு காலத்தில் (இந்த 'முன்'னைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது, ஏன் என்று போகப் போகத் தெரியும்) வரிப்பாறை என்ற நாட்டை அடலேறு பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அந்த நாட்டில் ஒரு சண்டை வந்தால் ஒரு சட்டம் வரும். சண்டை போய்விடும், சட்டம் போகாது. பாட்டன் காலத்தில் எதிரி ஏணி வைத்துக் கோட்டைக்குள் குதித்தான். நாட்டில் ஏணிக்கே தடை. கூரை ஒழுகினால் நனைந்துகொண்டே படுக்க வேண்டியதுதான். அப்பன் காலத்தில் ஒற்றன் ஒருவன் நாவிதன் வேடத்தில் வந்தான், சவரத்துக்குத் தடை. ஆம்பிளைகள் எல்லாம் தாடியில் சோற்றுப் பருக்கையோடு திரிந்தார்கள். கேட்டால், "இது எங்கள் பண்பாடு!" என்று மார் தட்டுவார்கள்.

அடலேறு பூபதி காலத்திலும் சண்டை வந்தது. பக்கத்து நாட்டான் ஆற்றங்கரையில் வைத்து அடித்த அடியில் படை பின்வாங்கிவிட்டது. அன்றிலிருந்து ராஜாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை, ராத்திரியில் தூக்கமும் இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பான். வெற்றிலையை மடிப்பான், போடாமல் வைத்துவிடுவான். சமையல்கட்டில் ஒரு கிண்ணம் விழுந்தால் போதும், "வந்துட்டானா?" என்று வாளைத் தேடுவான்.

"மகாராஜா, படை உயிரோடு திரும்பியதே பெரிய காரியம். கோட்டைக் காவலைப் பலப்படுத்துவோம்" என்றார் மந்திரி சாத்தப்பர்.

அவர் நாற்காலிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தவர் அழகேசர் என்ற பிரதானி. விடுவாரா? "காவல் கிடக்கட்டும் மகாராஜா. பின்வாங்குவது என்று ஒரு வார்த்தை இருப்பதால்தானே படை அதைச் செய்தது? வார்த்தையையே ஒழித்துவிட்டால்?"

"அடடா! இது ஏன் எனக்குத் தோணாமப் போச்சு!" என்று துள்ளினான் ராஜா.

'பின்' என்று தொடங்கும் எந்தச் சொல்லையும் சொன்னவன் நாக்கு அறுபடும் என்று சட்டம் வந்தது. கம்பீரமாக இருக்கட்டும் என்று, "அரசன் முதல் ஆண்டி வரை எவருக்கும் விலக்கில்லை" என்று ஒரு வரியைச் சேர்த்தவரும் அழகேசர்தான். தண்டோராக்காரன் பாவம், அந்தச் சொல்லைச் சொல்ல முடியாமல் பலகையில் எழுதித் தெருத்தெருவாகக் காட்டிக்கொண்டு போனான்.

அப்புறம் என்ன? கூடைக்காரி கூடையை 'முன்ன' ஆரம்பித்தாள். தாய்மார்கள் மகளுக்குத் தலையை 'முன்னி' விட்டார்கள். "பின்னே என்னய்யா?" என்று வழக்கமாகச் சலித்துக்கொள்ளும் கிழவர்கள் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்கள்.

ஒரு விடிகாலை, பனிமூட்டத்தோடு எதிரிப் படை கோட்டையின் பின்வாசலை நெருங்கிவிட்டது. அங்கே காவல் நின்றவன் ஒண்டிப்புலி. சட்டத்துக்குப் பயந்து, "டேய், முன்வாசலுக்கு அந்தாண்ட வாசலை அடைங்கடா!" என்று கத்தினான். உள்ளே இருந்த காவலர்களுக்குக் காதில் விழுந்தது 'முன்வாசல்' மட்டும்தான். எல்லாரும் அங்கே ஓடினார்கள். எதிரிக் குதிரைகள் கனைப்பது கேட்டது. பொறுக்க முடியாமல், "பின்வாசல்! பின்வாசல்டா!" என்று அலறிவிட்டான். ஓடியவர்கள் திரும்பி வந்து கதவைச் சாத்தினார்கள். கோட்டை பிழைத்தது, ஒண்டிப்புலி மாட்டிக்கொண்டான்.

அழகேசர் அவன் கையைக் கட்டிச் சபைக்கு இழுத்து வந்தார்.

"சாமி, எம்மக இப்பத்தான் பேசப் பழகுறா. அவகூடப் பேச எனக்கு நாக்கு வேணும் சாமி" என்று அழுதான் ஒண்டிப்புலி.

ராஜா எழுந்து குறுக்கும் நெடுக்கும் நடந்தான். "சட்டம்னா சட்டம். சீக்கிரம் முடிங்க!"

"முடித்துவிடலாம்" என்று எழுந்தார் சாத்தப்பர். "குற்றத்தைச் சபை கேட்க வேண்டாமா? அழகேசரே, இவன் சொன்னது என்ன வார்த்தை?"

அழகேசர் வாயைத் திறந்தார், மூடினார். "அதுதான்... அந்த வாசல்."

"எந்த வாசல்?"

"முன்வாசலுக்கு எதிரே..."

"எதிரே இருப்பது பிள்ளையார் கோயில் ஓய்! பிள்ளையாரைக் கூப்பிட்டது குற்றமா?"

அழகேசர் திரும்பி நின்று தன் முதுகைத் தொட்டுக் காட்டினார்.

"முதுகுவாசலா? உமக்கு உடம்பு சரியில்லையா?"

சபை குலுங்கிச் சிரித்தது. அழகேசருக்கு வேர்த்துக் கொட்டியது. ராஜாவுக்கோ பொறுமை பறந்துவிட்டது. "யோவ் அழகேசரே, 'பின்வாசல்'னு சொல்லித் தொலையேன்யா!" என்று கத்திவிட்டான்.

சிரிப்பு நின்றது. எல்லாருடைய கண்ணும் ராஜாவின் வாயில். அழகேசரின் முகம் வெளிறிவிட்டது.

ராஜா மெல்ல உட்கார்ந்தான். "சாத்தப்பரே, இப்ப என்ன செய்யறது?"

"நாக்கு போய்விட்டால் சட்டத்தை ரத்துச் செய்ய வாய் இருக்காது மகாராஜா. அதனால் அதை முதலில் சொல்லிவிடுங்கள்."

"ரத்து! ரத்து!" என்றான் ராஜா, ஒரே மூச்சில். ஒண்டிப்புலியின் கட்டை அவிழ்த்தார்கள்.

"இன்னும் ஒன்றே ஒன்று" என்றார் சாத்தப்பர். "ஒண்டிப்புலி, ஆற்றங்கரைச் சண்டையில் நீயும் இருந்தாயே, எப்படித் தப்பி வந்தாய்?"

அவன் தயங்கினான். "வழி தெரியல சாமி. மகாராஜா குதிரை முன்னால போச்சு. அதோட வாலைப் பார்த்துக்கிட்டே ஓடியாந்துட்டேன்."

ராஜாவின் முகம் சிவந்தது, கண் கலங்கியது. அவன் தூக்கத்தைக் கெடுத்தது எது என்று இப்போது சபைக்கே தெரிந்துவிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஓடினது நான். வெட்கம் தாங்காம உன் நாக்கை அறுக்கப் பார்த்தேன். அன்னைக்கு நீயும் ஓடி வரலைன்னா இன்னைக்கு அந்த வாசல்ல யாருய்யா இருந்திருப்பா?" என்றான்.

கழுத்து மாலையைக் கழற்றி ஒண்டிப்புலிக்குப் போட்டான். ஏணித் தடையும் சவரத் தடையும் அன்றே போயின. முதல் சவரம் ராஜாவுக்கு. அழகேசருக்குப் பின்வாசல் காவல் கொடுத்து, நாழிகைக்கு ஒருமுறை "பின்வாசல் பத்திரம்!" என்று கூவச் சொன்னான். அன்றைக்கு ராஜா நன்றாகத் தூங்கினானாம்.

சட்டம் போயும் அந்த நாட்டுக் கூடைக்காரிகள் இன்றும் கூடையை 'முன்னுகிறார்கள்'. கேட்டால் பண்பாடு என்பார்கள். ஒரே ஒரு வீட்டில் மட்டும் அப்படியில்லை. பின்வாசலை ஒட்டி இருந்த அந்த வீட்டில், ஒண்டிப்புலியின் மகள் அழகேசர் போடும் கூச்சலைக் கேட்டுக் கேட்டே பேசப் பழகினாள். அவள் வாயில் முதலில் வந்த முழு வார்த்தை 'பின்வாசல்'.